மாசி வீதியில் சித்திரைத் தேர்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரருக்கு மதுரை பெரும்பாலும் ஒரு வழக்காகத்தான் அறிமுகமாகிறது. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அன்றிலிருந்து, அந்த மாவட்டத்து அத்துத் தகராறும் வழிப்பாதைத் தகராறும் ஊர்க் கோர்ட்டில் தீராவிட்டால் போய்ச் சேருமிடம் அதுதான். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கலாம். மேலூர் ரோட்டிலிருக்கும் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு, அதே மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து ஊர் திரும்பலாம். நகருக்குள் காலடி வைக்கவே தேவையில்லை. இப்படி ஐந்தாறு தடவை மதுரைக்குப் போய்வந்தும் மதுரையைப் பார்க்காதவர்கள் உண்டு.

வழக்கு தள்ளிப்போய், மாலை பஸ்ஸுக்கு நேரம் கிடந்து, மீனாட்சியை ஒருதரம் கும்பிட்டுவிட்டுப் போகலாமே என்று டவுன் பஸ் ஏறுகிறவருக்குத்தான் உண்மையான அதிர்ச்சி காத்திருக்கிறது. நடக்க இடமில்லாத வீதியில் தள்ளுவண்டி வருகிறது. அதற்கு வழிவிட ஒதுங்கினால் முதுகில் ஒரு புடவைக் கட்டு இடிக்கிறது. மூட்டை தூக்குகிறவர் "ஓரம்ண்ணே, ஓரம்!" என்று கத்துகிறார், ஓரம் எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆட்டோக்காரர் "எங்கிட்டுப் போகணும்?" என்று கேட்டு, பதில் வருமுன்பே பாதித் தூரம் போய்விடுகிறார்.

இந்த அதிர்ச்சிக்குக் கூட்டம் மட்டும் காரணமல்ல. குலசேகரமும் சுற்றுவட்டாரமும் தெருவாக அமைந்த ஊர்களல்ல. வீடுகள் ஒன்றையொன்று தொடாமல், ஒவ்வொன்றும் தன் விளைக்குள், தன் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவில் இருக்கின்றன. 'விளை' என்றும் 'கோணம்' என்றும் 'மூடு' என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் நிலத்தையும் மரத்தடியையும் சொல்கின்றன. தெருவைச் சொல்லும் பெயர் அபூர்வம். வழி கேட்டால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சானல்கரையையும் அடையாளம் காட்டுவார்கள். மனிதர் நட்டது என்று அங்கே கண்ணில் படும் நேர்கோடு ரப்பர் மரவரிசை ஒன்றுதான். அதிகாலையில் பால் வெட்டப் போகிறவருக்கு அந்த வரிசைக்குள் ஆளரவமே கேட்காது. ஒழுங்கு என்றால் ஆளில்லாத வரிசை என்று பழகிப்போன கண்ணுக்கு மதுரை வெறும் குழப்பமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் வரைபடத்தை விரித்தால் தமிழ்நாட்டில் இவ்வளவு ஒழுங்கான பழைய நகரங்கள் மிகச் சிலவே. நடுவில் கோயில். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் ஏறக்குறையச் சதுரம், ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். எந்த மாதத்துத் திருவிழா எந்த வீதியில் என்று வீதியின் பெயரே சொல்லிவிடும். பஞ்சாங்கத்தைத் தரையில் விரித்தது போன்ற ஊர்.

பஞ்சாங்கம் இப்போது பொருந்தவில்லை என்பதுதான் வேடிக்கை. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) என்பது மதுரையின் உறுதியான நம்பிக்கை. விழா மாதம் மாறியது, தேர் பழைய தடத்திலேயே ஓடுகிறது, வீதிகள் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. முன்னூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பொருத்தமின்மை யாருக்கும் தொந்தரவாக இருந்ததாகத் தெரியவில்லை. மதுரையின் குழப்பம் பெரும்பாலும் இந்த ரகம்: திட்டம் இருக்கிறது, அதன் மேல் வாழ்க்கை வேறு வேலை பார்க்கிறது.

இத்தாலியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. நேப்பிள்ஸ். உள்ளூரார் நாப்போலி என்பார்கள். கிரேக்கர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நிறுவிய 'நியாபோலிஸ்', அதாவது புதுநகர். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டாகியும் பெயரில் இன்னும் புதுசு. மதுரைக்காரர் சிரிக்க முடியாது. அங்கே ஏறத்தாழ நானூறு வயதான ஒரு மண்டபத்துக்குப் புதுமண்டபம் என்றுதான் பெயர்.

நேப்பிள்ஸுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் சொல்லும் குறைகள் மதுரையைப் பற்றிச் சொல்பவையேதான். சந்துக்குள் ஸ்கூட்டர், ஹாரன், தலைக்கு மேல் காயும் துணி, மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை. அங்கும் காகிதத்தில் எல்லாம் நேராகவே இருக்கிறது. கிரேக்கர் கிழக்கு மேற்காகப் போட்ட மூன்று நீண்ட தெருக்கள் இன்றும் நடமாட்டத்தில் உள்ளன. கீழ்த்தெருவுக்கு ஸ்பாக்கா நாப்போலி என்று பெயர். 'நேப்பிள்ஸைப் பிளப்பது' என்று பொருள். குன்றின் மேலிருந்து பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் நேராகத் தெரியும். கீழே இறங்கி நடந்தால் அடுத்த பத்தடி தெரியாது. இந்தப் பழைய நகர்ப் பகுதியை யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தொழிலுக்கொரு தெரு என்ற வழக்கமும் இரண்டு ஊரிலும் உண்டு. நேப்பிள்ஸில் புத்தகக்காரர் பெயரில் ஒரு தெரு, பொற்கொல்லர் பெயரில் ஒரு தெரு. சான் கிரெகோரியோ ஆர்மேனோ தெருவில் வருஷம் முழுக்கக் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மை செய்கிறார்கள். மதுரையில் வெங்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு. எழுத்தாணி போய் எத்தனையோ காலமாயிற்று, தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது. தெற்காவணி மூல வீதியில் நகை, கீழமாசி வீதியில் மொத்தப் பலசரக்கு என்ற பங்கீடு இன்றும் நடப்பில் உள்ளது. வத்தல் நெடி மூக்கில் ஏறினால் கீழமாசி வீதிக்கு வந்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

இரண்டு நகரங்களிலும் வாழ்ந்த ஒருவர் இருந்தார். ராபர்ட் தெ நொபிலி, 1577-இல் பிறந்த இத்தாலியப் பிரபு குலத்தவர். இயேசு சபையில் சேர்ந்தது நேப்பிள்ஸில். அப்போது அது ஸ்பெயின் அரசின் ஆளுகையில், ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக, நெரிசலுக்குப் பேர்போனதாக இருந்தது. 1605-இல் கோவா வந்து, 1606-இல் மதுரை சேர்ந்தார். அவருக்கு முன்பே அங்கே ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் பல ஆண்டுகளாக ஊழியம் செய்துவந்தார். ஊரார் யாரும் மதம் மாறி அவர் பக்கம் வந்திருக்கவில்லை. நொபிலி காரணத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டார். மதுரைக்காரர் கண்ணில் பாதிரியார் பரங்கி. பரங்கி மாடு தின்பவர், மது குடிப்பவர். அவர் எந்தத் தெருவிலும் சேர்த்தியில்லாதவர்.

மதுரையில் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், யார் கையால் உண்கிறீர்கள் என்பதே நீங்கள் யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்று நொபிலி கண்டார். காவி உடுத்தினார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தமிழ் உரைநடையில் தத்துவ நூல்கள் எழுதினார். இந்தக் கோலத்தின் மேல் திருச்சபைக்குள்ளேயே எழுந்த புகார் ரோம் வரை போயிற்று. 1623-இல் போப் பதினைந்தாம் கிரெகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். 1640-இல் நொபிலி மதுரைச் சிறையிலும் கொஞ்சகாலம் இருந்தார். 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். அதே ஆண்டுதான் அவர் துறவு பூண்ட நேப்பிள்ஸைக் கொள்ளைநோய் சூறையாடி, மக்கள்தொகையில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது.

நொபிலியைப் போற்றுகிறவர்கள் சொல்லாமல் கடக்கிற விஷயம் ஒன்றுண்டு. அவர் மதுரையின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டார். அந்த ஒழுங்கு சாதியின் ஒழுங்கு. சதுரத்துக்குள் சதுரமாகப் போன வீதிகள் வெறும் வடிவியல் அல்ல. கோயிலுக்கு எவ்வளவு அருகில் யார் வசிக்கலாம், எந்த மதில்வரை யார் வரலாம் என்ற ஏற்பாடும் அதற்குள் இருந்தது. வரைபடத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே குலசேகரத்துக்காரருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். குலசேகரம் அப்போது திருவிதாங்கூரில். அன்றுமுதல் ஒரு நாடாரோ புலையரோ பறையரோ திற்பரப்பு மகாதேவர் கோயிலுக்குள் சட்டப்படி நுழையலாம். அதே மனிதர் ஆரல்வாய்மொழி தாண்டி மதுரைக்குப் போயிருந்தால் மீனாட்சி கோயில் வாசலில் நின்றிருக்க வேண்டும். மதுரையில் கதவு திறந்தது 1939 ஜூலை 8-இல். மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் உள்ளே அழைத்துச் சென்றார். இரண்டரை வருஷத்துக்கும் மேலான இடைவெளி. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இதெல்லாம் பழங்கதையாகியிருந்தது.

ஆகவே இன்று சித்திரை வீதியில் காணும் நெரிசலை 'ஒழுங்கு கெட்டுப்போய்விட்டது' என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு உடன்படுவது கடினம். யார் யாரை அந்த ஒழுங்கு வெளியே வைத்திருந்ததோ அவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். நெரிசலில் ஒரு பங்கு அதுதான். நேப்பிள்ஸ் இதே ஏற்றத்தாழ்வைச் செங்குத்தாக அடுக்கிவைத்தது. ஒரே மாளிகையின் முதல் மாடியில் பிரபு. தரைத்தளத்தில், தெருவை நோக்கிய ஒற்றைக் கதவே ஜன்னலுமான ஒற்றை அறையில் ஏழைக் குடும்பம். அந்த அறைகளுக்கு 'பாஸ்ஸோ' என்று பெயர். அறைக்குள் இடமில்லாததால் நாற்காலி தெருவுக்கு வந்தது, சமையல் தெருவுக்கு வந்தது, சண்டையும் தெருவுக்கு வந்தது.

பழைய நகரங்களைச் சீர்திருத்த வந்தவர்கள் பெரும்பாலும் கத்தியோடு வந்தார்கள். மதுரையில் முதல் பெரிய வெட்டு 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில். கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே நிலம் என்ற ஏற்பாட்டில் ஊர் வெளியே விரிந்தது. அந்த வேலையைப் பார்த்த நில அளவையாளர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் வீதிப் பெயர்களாக நிலைத்துவிட்டார்கள். அரசர்களுக்கும் மாதங்களுக்கும் நடுவில் ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி இருப்பது மதுரைக்குப் பெருமைதான். பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் நட்டார்கள். இன்று அது ஜவுளி வாங்கப் போகிறவர்களின் அடையாளம், யாருக்காக நட்டது என்று யாரும் கேட்பதில்லை. கோட்டையின் மிச்சத் துண்டு ஒன்று பெரியார் பஸ் நிலையத்தருகே நிற்கிறது.

நேப்பிள்ஸில் வெட்டு இன்னும் ஆழம். 1884-இல் காலரா சுமார் 7,000 பேரைக் கொன்றது. நகரத்தின் வயிற்றைக் கிழித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆட்சியிலிருந்தவர் பேசினார். எழுத்தாளர் மத்தில்தே செராவோ அந்த ஆண்டே 'நேப்பிள்ஸின் வயிறு' என்ற தலைப்பில், அந்தச் சந்துகளில் மக்கள் எதைத் தின்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று அரசுக்குப் பாடம் எடுத்தார். 1885-இல் சட்டம் வந்தது. பழைய சேரிகளின் குறுக்கே அகலமான நேர்ச்சாலை ஒன்று போடப்பட்டது. அதன் இருபுறமும் கம்பீரமான கட்டடங்கள் எழுந்தன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் சந்துகள் அப்படியே இருந்தன.

1915-ஐ ஒட்டி மதுரைக்கு ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் வந்தார். சென்னை மாகாண நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை. அவர் சொன்னது வேறு: இடித்து நேராக்க வேண்டாம்; விழப்போகிற வீட்டை மட்டும் எடுங்கள், அந்த இடத்தில் கொஞ்சம் வெளி விடுங்கள், மரம் வையுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். மரம் வெட்டுகிறவருக்கும் கிளை கழிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த யோசனை அரசு அலுவலகங்களில் பெரிதாக எடுபடவில்லை.

குழப்பம் என்று தோன்றுவதை நின்று பார்த்தவர்கள் வேறு விஷயங்களைக் கண்டிருக்கிறார்கள். 1787-இல் நேப்பிள்ஸ் போன ஜெர்மன் கவிஞர் கெதேயின் கையில் ஒரு வழிகாட்டி நூல் இருந்தது. அந்நகரில் முப்பது நாற்பதாயிரம் சோம்பேறிகள் திரிகிறார்கள் என்று அது சொன்னது. கெதே அதிகாலையிலிருந்து தெருவில் அலைந்து அந்தச் சோம்பேறிகளைத் தேடினார். கண்டதெல்லாம் கூலிக்குக் காத்திருக்கும் சுமைக்காரர், மீன் கூடைக்காரர், குப்பை பொறுக்கித் தோட்டத்துக்கு உரமாக ஏற்றிச் செல்லும் சிறுவர். சும்மா நிற்பவராகத் தெரிந்தவர் வேலைக்காக நிற்பவர். மதுரை வெளி வீதியில் லாரி நிறுத்தத்தருகே கைவண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவரையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

1925-இல் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினும் லாட்விய நாடகக்காரர் அஸ்யா லாசிஸும் சேர்ந்து எழுதிய, நேப்பிள்ஸைப் பற்றிய ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த ஊர் கட்டப்பட்ட எரிமலைக் கல்லைப்போலவே ஊரும் துளைகள் நிறைந்தது. வீட்டுக்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வேலைநாளுக்குள் விடுமுறை என்று எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறிக்கிடக்கிறது என்பது அவர்கள் கண்டது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், திண்ணை போதும். வீட்டுக்குச் சொந்தமா தெருவுக்குச் சொந்தமா என்று தீர்க்கவே முடியாத, தீர்க்க யாரும் முயலாத இடம். பெஞ்சமின் கட்டுரை வறுமையைக் கொஞ்சம் அழகாக்கிக் காட்டுகிறது என்பதும் உண்மை. ஒற்றை அறையில் எட்டுப்பேர் படுக்கிறவருக்கு அது துளை அல்ல, மூச்சுமுட்டல்.

இந்த ஊர்கள் இரண்டுக்கும் பொதுவான இன்னொரு பழக்கம், நகரமே கூடி நின்று சகுனம் பார்ப்பது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் இறங்கும் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதற்காக லட்சக்கணக்கானோர் விடிய விடியக் காத்திருப்பார்கள். பச்சை என்றால் அந்த ஆண்டு செழிப்பு. நேப்பிள்ஸில் புனித ஜெனாரோவின் உறைந்த ரத்தம் என்று காக்கப்படும் குப்பி வருஷத்துக்கு மூன்று முறை வெளியே எடுக்கப்படுகிறது. முக்கியமான நாள் செப்டம்பர் 19. ரத்தம் இளகினால் ஊருக்கு நல்லது, இளகாவிட்டால் கவலை. வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ளாத ஊர்கள் என்று பெயரெடுத்த இரண்டும் இந்த ஒரு விஷயத்துக்காக மணிக்கணக்கில் பொறுமையாக நிற்கின்றன.

நடந்து பார்க்க நினைப்பவர் காலையில் கோயில் பார்த்துவிட வேண்டும். நடை மதியம் சாத்தி மாலையில்தான் திறக்கும். மதியத்துக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கு அளவே. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது அரண்மனையைப் பிரித்து எடுத்துப் போனார். மிச்சத்தைச் சென்னை கவர்னர் நேப்பியர் 1866-க்குப் பிறகு செப்பனிட்டார். அதன் பிறகு வெகுகாலம் அதில் கோர்ட் நடந்தது. வழக்குக் கட்டோடு வந்தவருக்கு அது கொஞ்சம் ஆறுதல் தரலாம். கட்டியவர் ஓர் இத்தாலியர் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். வளைவுகளையும் பருத்த தூண்களையும் பார்த்துப் பிறந்த கதை அது. மகாலைச் சுற்றிய சந்துகளில் காதில் விழும் மொழி தமிழாக இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம், அது சௌராஷ்டிரம்.

மகாலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பத்துத்தூண் சந்து. அரண்மனையின் பத்துப் பெருந்தூண்கள் எதையும் தாங்காமல் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. நைட்டியும் சுடிதாரும் சுற்றிலும் தொங்குகின்றன. நேப்பிள்ஸில் ரோமானிய அரங்கம் ஒன்று இதேபோல் வீடுகளுக்குள் மறைந்து கிடந்தது, நீரோ மன்னன் பாடியதாகச் சொல்லப்படும் அரங்கம். அதற்குள் இறங்கும் வழி ஒரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த பலகைக் கதவு. இப்போது அது சுற்றுலாக் காட்சி.

கடைசியாகப் புதுமண்டபம். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பல தலைமுறைகளாகத் தையல்காரர், புத்தகக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர் என்று அதற்குள் ஓர் ஊரே இருந்தது. யாளியின் காலடியில் தையல் மிஷின் ஓடியது, சிற்பத்தின் தோளில் பாவாடை தொங்கியது. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பிடித்த தீ அந்த மண்டபத்தைச் சிதைத்தது. அதன் பிறகு கோயிலைச் சுற்றிய கடைகளை அகற்றும் பேச்சு வலுத்து, புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. கல்லுக்கு அது நல்லது. தைக்கக் கொடுத்த துணி வருவதற்குள் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவரலாம் என்ற சௌகரியம் போய்விட்டது.

கடைகள் மறைத்திருந்த தூண்களில் மதுரை நாயக்கர்கள் வரிசையாக, கைகூப்பி, மனைவியரோடு நிற்கிறார்கள். திருமலை நாயக்கரும் நிற்கிறார், சற்றுத் தொந்தியோடு. குலசேகரம் பக்கத்து ஆளுக்கு அவர் வேறு விதத்தில் தெரிந்தவர். 1630-களில் அவர் படை நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தபோது கணியாகுளத்தில் எதிர்த்து விழுந்தவர் வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளை. அவர் தலையை மதுரைப் படை கொண்டுபோனதையும், நாயக்கர் அதைக் கண்டு மதித்துத் திருப்பிக் கொடுத்ததையும் தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடல் சொல்கிறது. வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டில் எதிரியாக வருபவர் இங்கே கைகூப்பி நிற்கிறார். வெளியே பூக்காரி முழம் சொல்லிக் கூப்பிடுகிறாள். மாட்டுத்தாவணி டவுன் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.